முகப்பு விளக்குக்கு ஒரு பிட் இடம்

ஜெர்மனியில இருந்து பதிவு எழுதறவன் பனி, பீர், கால்பந்து இந்த மூணுல ஒண்ணைப் பத்தி எழுதணும்ங்கறது எழுதப்படாத விதி. இந்த வாரம் விதிவிலக்கு. மாடல் ரயில் எஞ்சினோட முகப்பு விளக்கு பத்தி ஒரு சரித்திரப் பதிவு. சிரிக்காதீங்க மக்களே. "பொம்மை ரயில்"னு இங்க யாராவது பெரியவர்கிட்ட சொல்லிப் பாருங்க, அப்புறம் தெரியும் சேதி. டார்ம்ஸ்டாட் ரயில் பைத்தியங்களுக்குத் தோதான ஊர். ஊர் ஓரத்துல கிரானிஷ்டைன்ல பழைய எஞ்சின் பணிமனையிலயே 1976-ல இருந்து ஒரு ரயில் அருங்காட்சியகம் இருக்கு. போதாததுக்கு, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்த ஒரு ரயில் இயக்கப் பயிற்சிக் கூடமும் உண்டு. நிஜ சிக்னல் கேபின்ல இருக்கற அதே லீவர், அதே பொத்தான் பலகை. ஆனா அதுங்க இயக்கறது 1:87 அளவு குட்டி ரயிலை. படிக்கற பசங்க அங்க தப்பு பண்ணினா யாரும் சாக மாட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன குளிர்காலத்துல இங்க ஒரு மாடல் ரயில் சங்கத்துக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். ஒரு பெரியவர் தன்னோட எஞ்சினைத் தண்டவாளத்துல வெச்சு வேகத்தை ஒவ்வொரு படியா கூட்டினார். ஒரு படிக்கு விளக்கு எரியுது, அடுத்த படிக்கு அணையுது, அடுத்ததுக்கு எரியுது. பல்பு லூஸ்னுதான் யாருக்கும் தோணும். அவர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்ல. கையில இருந்த கன்ட்ரோலர்ல "சிவி 29" அப்படின்னு ஒண்ணைத் திறந்து, 4-ன்னு இருந்ததை 6 ஆக்கினார். விளக்கு நின்னு எரிஞ்சுது. அது என்ன 4, என்ன 6-ன்னு தோண்டப் போய்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். ரயில் விளக்கு அழகுக்கு இல்ல, அது ஒரு சிக்னல். ஜெர்மன் விதிப்புத்தகத்துல முன்பக்கம் மூணு வெள்ளை விளக்கு, கீழ ரெண்டு, மேல ஒண்ணு. பின்பக்கம் ரெண்டு சிவப்பு. இந்த மூணாவது விளக்கு 1950-களோட பிற்பாதியிலதான் மேற்கு ஜெர்மனியில வந்துது, அதுக்கு முன்னாடி ரெண்டுதான். அதனால 1953 எஞ்சின்னு சொல்லிட்டு மூணு விளக்கு வெச்சா சங்கத்துல மானம் போயிடும். சிவப்போட வேலை இன்னும் முக்கியமானது. நம்ம ஊர்ல கடைசிப் பெட்டியோட முதுகுல பெரிய பெருக்கல் குறியும் எல்வி பலகையும் பார்த்திருப்பீங்க, ராத்திரியில சிவப்பு விளக்கு மினுக்கும். வண்டி முழுசா வந்து சேர்ந்துதா, நடுவுல பெட்டி ஏதாவது கழண்டு லைன்லயே நிக்குதான்னு ஸ்டேஷன்ல இருக்கறவர் அதை வெச்சுத்தான் உறுதி பண்ணுவார். இங்கயும் அதே கதை. அதனால பெட்டியை இழுத்துக்கிட்டுப் போற எஞ்சினோட பின்பக்கம் சிவப்பு எரிஞ்சா, "வண்டி இத்தோட முடிஞ்சுது"ன்னு அது பொய் சொல்லுதுன்னு அர்த்தம். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

மாடல் ரயில்ல விளக்கு ரொம்ப நாள் சைக்கிள் டைனமோ லைட் மாதிரிதான் இருந்துது. தண்டவாளத்துல போற மின்சாரம்தான் மோட்டாருக்கும், விளக்குக்கும். வோல்டேஜைக் கூட்டினா வேகம் கூடும், வெளிச்சமும் கூடும். ஸ்டேஷன்ல நிறுத்தினா ரெண்டும் காலி. மிதிக்கறதை நிறுத்தினா இருட்டாகுமே, அதேதான். முன்விளக்கு, பின்விளக்கு மாறி எரிய ஒரு டையோடு போதும், நேர்மின்சாரம் திசை மாறினா விளக்கும் மாறும். மெர்க்லின் கம்பெனி மட்டும் மாறுமின்சாரத்துல ஓட்டினதால நிக்கும்போதும் மங்கலா ஒரு வெளிச்சம் இருக்கும். இதைச் சரி பண்ணலாம்னு உயர் அதிர்வெண் மின்சாரத்தை மேல ஏத்தி விளக்கை மட்டும் எரிய வெக்கற வித்தை எல்லாம் பண்ணிப் பார்த்தாங்க. பெட்டிக்குப் பெட்டி கெப்பாசிட்டர் சொருகணும். பெரிசா எடுபடல.

எஞ்சினுக்குள்ளயே ஒரு மூளையை வெச்சுடலாம்ங்கற யோசனை 1960-கள்லயே அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக்குக்கு வந்துது. இங்கிலாந்துல ஹார்ன்பி 1979 வாக்குல ஸீரோ ஒன்னு ஒரு சிஸ்டம் விட்டாங்க, ஒரே சமயத்துல 16 எஞ்சின் வரைக்கும் முகவரி கொடுக்கலாம். ஆனா வீட்டுக்கு வீடு டிஜிட்டல்ங்கற வார்த்தையைக் கொண்டுபோனது 1980-களோட நடுவுல வந்த மெர்க்லின் டிஜிட்டல்தான். அவங்க புதுசா எந்தச் சிப்பும் செய்யல. கடையில கிடைக்கற மோட்டோரோலா ரிமோட் கன்ட்ரோல் சிப்பையே எடுத்துக்கிட்டாங்க. அது பைனரி இல்ல, ஒவ்வொரு இடத்துலயும் மூணு நிலை. மொத்தம் ஒன்பது இடம். நாலு இடம் முகவரிக்கு, 3-ஐ நாலு தடவை பெருக்கினா 81, அதுல 80-ஐ உபயோகிச்சாங்க. நாலு இடம் வேகத்துக்கு. நடுவுல மிச்சம் இருந்த ஒரே ஒரு இடம்தான் விளக்குக்கு. முகவரியைத் தீர்மானிக்க எஞ்சினைக் கழட்டி எட்டு குட்டி ஸ்விட்சைத் தட்டணும். அந்த ஸ்விட்ச் வரிசைக்கு ஜெர்மன்காரங்க வெச்ச செல்லப்பேர் "எலிப் பியானோ". :-)

அதுல ஒரு வினோதம். அந்த முதல் மோட்டோரோலா வடிவத்துல "முன்னாடி போ", "பின்னாடி போ"ன்னு சொல்லவே முடியாது. "இப்ப இருக்கறதுக்கு எதிர்த்திசையில போ"ன்னு மட்டும்தான் சொல்லலாம். எந்தப் பக்க விளக்கை எரிய வெக்கணும்ங்கறது எஞ்சின் தானா ஞாபகம் வெச்சுக்க வேண்டிய விஷயம். கன்ட்ரோலருக்குத் தெரியாது. 1990-கள்ல வந்த அடுத்த வடிவத்துலதான் திசையைத் தீர்மானமா சொல்ற வசதியும், விளக்குக்கு மேல நாலு ஃபங்ஷனும் வந்துது.

இப்ப நம்ம கதாநாயகன் ஊருக்குப் போகலாம். டார்ம்ஸ்டாட்ல இருந்து ஃபிராங்க்ஃபர்ட் தாண்டி வடக்கே போனா கீஸன், இதே ஹெஸ்ஸன் மாநிலம்தான். அங்க இருக்கற லென்ஸ் எலக்ட்ரானிக்ங்கற சின்ன கம்பெனிகிட்ட, ரெண்டு தண்டவாள நேர்மின்சார ரயில்களுக்கு ஒரு டிஜிட்டல் முறை செஞ்சு தரச் சொல்லி ஆர்னால்ட், மெர்க்லின் ரெண்டு பேரும் கேட்டாங்க. 1989-ல ஆர்னால்டுக்கு, 1990-ல மெர்க்லினுக்கு அந்த டிகோடர்கள் வந்துது. கொஞ்ச நாள்லயே பெரிய கம்பெனிகள் ஒப்பந்தத்தை விட்டு விலகிட்டாங்க. லென்ஸ் விடல. அந்த நேரம் பார்த்து அமெரிக்காவுல என்எம்ஆர்ஏங்கற தேசிய மாடல் ரயில் சங்கம், எந்தக் கம்பெனி எஞ்சினும் எந்தக் கம்பெனி கன்ட்ரோலர்லயும் ஓடற மாதிரி ஒரு பொதுத் தரம் தேடிக்கிட்டு இருந்தாங்க. இருந்ததை எல்லாம் அலசிட்டு லென்ஸோட முறையை அடிப்படையா எடுத்துக்கிட்டாங்க. 1993 அக்டோபர் மாடல் ரெயில்ரோடர் இதழ்ல வரைவு வெளியாச்சு. அதுதான் டிசிசி. கீஸன்ல பிறந்த பிள்ளை அமெரிக்கா போய்ப் பேர் வாங்கிட்டு ஊர் திரும்பின கதை. நம்ம ஆளுங்களுக்குப் புதுசா என்ன!

டிசிசில தண்டவாளத்துல எப்பவும் முழு வோல்டேஜ். எஞ்சின் நின்னாலும் விளக்கு எரியும், டைனமோ காலம் முடிஞ்சுது. அந்த மின்சாரமே வேகமா துருவம் மாறி மாறிச் செய்தியும் சொல்லும். பாதி அலை 58 மைக்ரோ வினாடின்னா அது 1, 100-ஓ அதுக்கு மேலயோ இருந்தா 0. வேகக் கட்டளைக்கு எட்டு பிட். முதல் ரெண்டு பிட் "இது வேகக் கட்டளை"ங்கற அடையாளம். மூணாவது திசை. நாலாவது விளக்கு. மிச்சம் நாலு வேகம். நாலு பிட்னா 16 நிலை. நிறுத்தறதுக்கு ஒண்ணு, அவசரமா நிறுத்தறதுக்கு ஒண்ணு போக 14 வேகப் படி. கச்சிதமா அடுக்கின டிபன் பாக்ஸ் மாதிரி. விளக்குக்கும் வேகம், திசையோட சமமா ஓர் இடம்.

பிரச்சினை என்னன்னா 14 படி பத்தல. ஒவ்வொரு படிக்கும் வண்டி குலுங்கும். நுணுக்கமா நகரணும்னா இன்னும் ஒரு பிட் வேணும். எட்டு பிட்டும் நிரம்பியாச்சு. யாரை எழுப்பறது? விளக்கைத்தான். நாலாவது பிட்டை வேகத்துக்குக் கொடுத்தாங்க, அஞ்சு பிட்னா 32 நிலை, நிறுத்தற வகைக்கு நாலு போக 28 படி. இடம் இழந்த விளக்கை வேற ஒரு கட்டளையில, எஃப் 1-ல இருந்து எஃப் 4 வரைக்குமான ஃபங்ஷன்களோட கூட்டத்துல, ஒரு ஓரமா உக்கார வெச்சாங்க. இன்னிக்கும் கன்ட்ரோலர்ல விளக்குக்கு எஃப் 0-ன்னு தனி எண் இருக்கறதைப் பார்க்கறீங்களே, அந்தக் கூட்டத்துல பூஜ்யமா சேர்ந்த விருந்தாளி அது.

ஆனா ஏற்கெனவே வித்த எஞ்சின்களுக்கு விளக்கு பழைய இடத்துலதானே இருக்கு? அதுக்காகத்தான் சிவி 29. சிவின்னா டிகோடரோட நினைவுல இருக்கற எண் போட்ட பெட்டிகள்னு வெச்சுக்குங்க. 29-வது பெட்டியில ஒவ்வொரு பிட்டும் ஒரு தனிச் சுவிட்ச். அதுல மதிப்பு 2 உள்ள பிட்தான் "விளக்கு எந்த இடத்துல உக்காந்திருக்கு"ங்கற கேள்விக்குப் பதில். மதிப்பு 4 உள்ளது டிஜிட்டல் இல்லாத தண்டவாளத்துலயும் ஓடலாமாங்கறது. 4-ன்னா விளக்கு பழைய இடத்துல. 4-ம் 2-ம் சேர்ந்து 6-ன்னா புது இடத்துல. இப்ப அந்தப் பெரியவரோட எஞ்சினைப் பாருங்க. கன்ட்ரோலர் 28 படியில பேசுது, டிகோடர் 14 படியில கேட்குது. அரைப்படிக்காக அனுப்பின பிட்டை "விளக்கை எரி"ன்னு எடுத்துக்குது. அதான் படிக்குப் படி எரிஞ்சு அணைஞ்சுது. தலைகீழா இருந்தா, அதாவது டிகோடர் 28, கன்ட்ரோலர் 14-ன்னா, எஃப் 0-ஐ எத்தனை தடவை அமுக்கினாலும் விளக்கு எரியாது. பழுதே இல்லாத எஞ்சினை இதுக்காகவே பிரிச்சுப் போட்டவங்க எத்தனை பேரோ.

இந்தப் பெட்டிகளைப் படிக்கறது இன்னொரு கூத்து. ஆரம்ப கால டிகோடருக்குக் காது உண்டு, வாய் கிடையாது. அதனால நாம "29-ல இருக்கறது 6-ஆ?"ன்னு கேட்கணும். ஆமாம்னா டிகோடர் 6 மில்லி வினாடிக்கு 60 மில்லி ஆம்பியர் கூடுதலா மின்சாரம் இழுக்கும். வழக்கமா அது மோட்டார் வழியா, அதனால எஞ்சின் லேசா ஒரு துள்ளு துள்ளும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைதான்! மோட்டார் இல்லாம விளக்குக்கு மட்டும் டிகோடர் வெச்ச பெட்டிகள்ல, பல்பு இருந்த காலத்துல அதுவே தேவையான மின்சாரத்தை இழுத்துடும். எல்இடி வந்ததும் அது சிக்கனமா கொஞ்சூண்டு குடிக்கறதால தலையாட்டவே தெம்பில்லாமப் போச்சு. எழுதலாம், படிக்க முடியாது.

சரி, சிவப்பு விளக்குக்கு வருவோம். டிகோடர்ல விளக்குக்குன்னு ரெண்டு ஒயர். வெள்ளை நிற ஒயர் முன்பக்கம், மஞ்சள் பின்பக்கம், நீலம் ரெண்டுக்கும் பொது. பழைய எஞ்சின்ல முன்பக்க வெள்ளையையும் பின்பக்க சிவப்பையும் ஒரே ஒயர்ல கட்டிட்டாங்க. பின்னாடி பத்துப் பெட்டி இருந்தாலும் எஞ்சின் முதுகுல சிவப்பு எரியும். அதே பொய்! தப்பைத் திருத்தணும்னா ரெண்டு பக்க வெள்ளை, ரெண்டு பக்க சிவப்பு, ஆக நாலு தனி வெளியீடு வேணும். ஒயரைப் பிரிக்கறது சால்டரிங் வேலை. எந்தப் பொத்தானுக்கு எந்த வெளியீடுன்னு சொல்றது சிவி 33-ல இருந்து 46 வரைக்கும் உள்ள அட்டவணை.

அந்த அட்டவணையிலயும் எட்டு பிட் சாபம் தொடருது. வெளியீடு 14, பெட்டிக்கு எட்டு பிட்தான். அதனால ஜன்னலை நகர்த்தற மாதிரி ஏற்பாடு. விளக்கு, எஃப் 1, எஃப் 2-க்கு 1-ல இருந்து 8-வது வெளியீடு வரைக்கும் தெரியும். எஃப் 3-ல இருந்து எஃப் 6 வரைக்கும் 4-ல ஆரம்பிச்சு 11 வரைக்கும். அதுக்கு மேல 7-ல இருந்து 14. விளைவு என்னன்னா, பழைய விதிப்படி எஃப் 3 பொத்தானால முகப்பு விளக்கைத் தொடவே முடியாது, அதோட ஜன்னல்ல முதல் வெளியீடு தெரியாது. சிவி 37-ல 2-ன்னு போட்டா ரெண்டாவது வெளியீடு எரியும்னு நினைப்பீங்க, எரியறது அஞ்சாவது. இதெல்லாம் தெரியாம எண்ணைப் போட்டா விசில் அடிக்க அமுக்கினா புகை வரும்.

இந்த அட்டவணைக்குப் பெரிய தலைவலி ஸ்விட்சர்லாந்துதான். அங்க முன்னாடி மூணு வெள்ளை, பின்னாடி பல நேரம் ஒரே ஒரு வெள்ளை. வண்டி இணைச்சிருக்கா, எஞ்சின் தனியா போகுதாங்கறதைப் பொறுத்துச் சேர்க்கைகள் மாறும். பழைய ஜன்னலுக்குள்ள இது அடங்கல. வியன்னாவுல இருக்கற ஸிமோ கம்பெனி இதுக்காகவே வேற ஒரு முறை செஞ்சு, அதுக்கு "ஸ்விஸ் மேப்பிங்"னே பேர் வெச்சுட்டாங்க. இப்ப ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து நடத்தற ரெயில்கம்யூனிட்டி தரங்கள்ல விரிவான ஃபங்ஷன் ஒதுக்கீடு தனியாவே இருக்கு, ஃபங்ஷன் எண்ணும் எஃப் 68 வரைக்கும் போயாச்சு. வெளிச்சத்தைக் குறைக்கலாம், பல்பு மாதிரி மெதுவா எரிய வெக்கலாம். மினுக் மினுக்னு யோசிச்சு எரியற டியூப்லைட் எஃபெக்ட்கூட உண்டு. நம்ம வகுப்பு டியூப்லைட்டுங்களை ஜெர்மன்காரன் சிப்புலயே எழுதி வெச்சிருக்கான்!

ஆனாலும் இன்னிக்குக் கடையில வாங்கற டிகோடர்லயும் சிவி 29-ல அந்த 2 பிட் அப்படியேதான் இருக்கு. பழைய கன்ட்ரோலர் எங்கயாவது ஒரு பரண்ல இருக்குமே, அதுக்காக.

நம்ம ஊர் எஞ்சின்ல முகப்பு விளக்குக்குக் கூடவே மஞ்சள் ஃபிளாஷர் ஒண்ணு உண்டு, எதிர்ல வர்ற வண்டிக்கு ஆபத்துன்னு எச்சரிக்க. அதை எஃப் 1-ல வெச்சு, சிவி 35-ல மூணாவது வெளியீட்டுக்கு 4 போட்டு, மினுக்கற எஃபெக்ட்டும் கொடுத்துடலாம். நிமிஷத்துக்கு எத்தனை மினுக்குன்னுதான் தெரியல. அரக்கோணம், ஈரோடு பக்கம் ஷெட்ல சொந்தக்காரங்க இருக்கற பதிவர்கள் யாராவது கேட்டுச் சொன்னா புண்ணியமாப் போகும்.