அடுப்பை அளந்தவர்கள்

எரிசக்தியின் வரலாறு என்றால் நிலக்கரிச் சுரங்கம், அணைக்கட்டு, எண்ணெய்க் கிணறு, அணு உலை என்றே எழுதப்படுகிறது. சமையலறை அடுப்புக்கு அதில் இடமில்லை. ஆனால் இந்தியக் கிராமங்கள் செலவிட்ட எரிசக்தியில் பெரும்பங்கு அந்த அடுப்பில்தான் எரிந்தது. அதற்குச் சுள்ளி பொறுக்கியவள், ஊதுகுழலை ஊதியவள், புகையைக் குடித்தவள் எல்லாம் பெண்ணே. நெடுங்காலம் அவள் எந்தக் கணக்கிலும் இல்லை. பிறகு வந்தபோது எந்தக் கணக்கில் வந்தாள் என்பதை அடுப்பு ஆய்வின் கதை சொல்கிறது.

அடுப்பைச் செய்ததும் பெண்கள்தான். மண் குழைத்து, குமிழ் வைத்து, சாணி மெழுகி, தன் பானையின் அளவுக்கும் தான் குந்தும் உயரத்துக்கும் ஏற்ப அமைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டுக் கொடியடுப்பைப் பாருங்கள். முதல் அடுப்பில் சோறு கொதிக்கும்போது வீணாகும் அனல் பக்கத்துக் குழிக்குப் போய்க் குழம்பைச் சூடாக வைக்கிறது. ஒரே தீயில் இரண்டு பாத்திரம். பிற்காலத்தில் பொறியியலாளர்கள் எரிபொருள் சிக்கனத்துக்குச் சொன்ன வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால் கொடியடுப்பு யாருடைய கண்டுபிடிப்பாகவும் பதிவாகவில்லை.

பதிவான வரலாறு வார்தாவில் தொடங்குகிறது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வழிநடத்திய கிராமத் தொழில் சங்கத்தின் இருப்பிடம் மகன்வாடி. அந்தப் பெயரைத் தாங்கிய ‘மகன் சூலா’ என்ற புகைபோக்கி அடுப்பு 1940களின் இறுதியில் பரவத் தொடங்கியது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, புகையில்லாச் சமையலறை பற்றி எழுதிய சிறுநூல் 1953இல் சென்னையில் அச்சானது. இவர்கள் கேட்ட கேள்வி எளியது: சமைப்பவளின் கண்ணும் மார்பும் ஏன் எரிய வேண்டும்?

1970களில் கேள்வி மாறியது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் உலகின் கவனம் விறகின் பக்கம் திரும்பியது. ஏழைகளின் அடுப்பு காடுகளைத் தின்கிறது என்று அறிக்கைகள் வந்தன. தலையில் சுமை தூக்கி வந்தவள் காடழிப்பவள் ஆனாள். வேலிக்கருவையையும் உதிர்ந்த சுள்ளியையும் பொறுக்குபவளுக்கும், லாரி லாரியாக மரம் வெட்டியவர்களுக்கும் அந்தக் கணக்கில் அதிக வேறுபாடு இல்லை. இனி நல்ல அடுப்பு என்பது விறகை மிச்சப்படுத்தும் அடுப்பு. புகை இரண்டாம் இடத்துக்குப் போனது.

அதே காலத்தில் வேறொரு கணக்கும் எடுக்கப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ குழு, தும்கூர் மாவட்டம் குனிகல் வட்டத்தில் புரா என்ற ஊரை ஆராய்ந்தது. 1977இல் அங்கே 56 வீடுகள், 357 பேர். விறகையும் மண்ணெண்ணெயையும் மட்டுமல்ல, மனித உழைப்பையும் அவர்கள் எரிசக்தியாகவே அளந்தார்கள். விறகு சேர்ப்பது, தண்ணீர் எடுப்பது, சமைப்பது, மாடு மேய்ப்பது, வயல் வேலை ஆகிய ஐந்திலும் சேர்த்துப் பெண்களின் பங்கு 53 சதவீதம், ஆண்களின் பங்கு 31, குழந்தைகளின் பங்கு 16. ‘வீட்டில் சும்மா இருப்பவள்’ என்ற சொல்லுக்கு எண்ணில் எழுதிய மறுப்பு இது. அடுப்பையும் குடத்தையும் ஏரையும் ஒரே பட்டியலில் வைத்ததால்தான் அது தெரியவந்தது.

1980களின் தொடக்கத்தில் கர்க் ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலிலேயே கருவியை மாட்டிப் புகையை அளந்தார்கள். அவர்களின் கட்டுரை 1983இல் வெளியானது. காற்று மாசு என்றாலே ஆலைப் புகை, நகரச் சாலை என்றிருந்த ஆய்வுலகம், மாசு மிகுந்த இடங்களில் ஒன்று சமையலறை என்பதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின.

அதே ஆண்டுகளில் சண்டிகருக்கு அருகே நாடா என்ற கிராமத்தில் கட்டடக் கலைஞர் மது சரின் வேறு வழியில் போனார். ஊர்ப் பெண்களோடு சேர்ந்து அடுப்பை வடிவமைத்தார். அவர்களையே அடுப்பு கட்டும் மேஸ்திரிகளாகப் பயிற்றுவித்தார். பாத்திரத்தின் அளவு, ரொட்டி சுடும் முறை, உட்காரும் நிலை எல்லாம் வடிவத்தைத் தீர்மானித்தன. ‘நாடா சூலா’ அப்படிப் பிறந்தது.

மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1980களின் நடுவில் நாடு முழுவதும் விரிந்தது. 2002இல் அது முடிந்தபோது கணக்கில் சுமார் 3.5 கோடி அடுப்புகள் இருந்தன. பயன்பாட்டில் இருந்தவை அதைவிட மிகக் குறைவு. இலக்கு, மானியம், எண்ணிக்கை என்று ஓடிய திட்டத்தில், அடுப்பு கட்டி முடிந்ததும் வேலை முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்துத் திறனை அளந்தார்கள். வீட்டிலோ களி கிண்ட வேண்டும், இட்லி அவிக்க வேண்டும், மாட்டுக்குத் தவிடு காய்ச்ச வேண்டும். புகைபோக்கி அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்வது யார் என்று திட்டம் கேட்கவில்லை. பின்னாளில் ஒடிசாவில் பல ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வும், புது அடுப்பின் பயன் முதல் ஆண்டுக்குப் பிறகு தேய்ந்துபோனதைக் கண்டது. பராமரிப்பு இல்லை என்பது காரணங்களில் ஒன்று. பராமரிப்பும் உழைப்புதான், அதையும் கூலியில்லாமல் அவள் தலையிலேயே கட்டியிருந்தார்கள்.

அடுத்து எரிவாயு. தமிழக அரசு 2007இல் இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கத் தொடங்கியது. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் இணைப்பைப் பெண்ணின் பெயரிலேயே தந்தது. இது சிறிய மாற்றமல்ல. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தூய எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் நகரங்களில் 89.7 சதவீதம், கிராமங்களில் 43.2 சதவீதமே. அட்டை அவள் பெயரில் இருக்கலாம். சிலிண்டர் நிரப்பும் பணம் அவள் கையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. காட்டுச் சுள்ளிக்கு விலையில்லை, ஏனென்றால் அவளுடைய நேரத்துக்கு விலையில்லை.

இன்று அதே அடுப்பு காலநிலை நடவடிக்கை ஆகிவிட்டது. சிக்கன அடுப்பால் குறைந்த கரியமிலத்தைச் சான்றிதழாக்கி நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். அப்படிப்பட்ட சில திட்டங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு, உண்மையான குறைப்பைவிடச் சுமார் ஒன்பது மடங்கு கூடுதலாகச் சான்றிதழ் தரப்பட்டிருப்பதாகக் கணக்கிட்டது.

காடு, விறகு, கரி என்று ஒவ்வொரு தலைமுறையும் அடுப்பில் தனக்கு வேண்டியதை அளந்துகொண்டது. புரா ஊரின் கணக்கு மட்டும் அவளுடைய மணிகளை எண்ணியது. நகரங்களும் மாநிலங்களும் காலநிலைத் திட்டங்கள் எழுதும் இந்த நாளில் அந்தப் பழைய பட்டியலை மறுபடி எடுக்கலாம். ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே டன் கணக்கை எழுதும்போது, அதனால் ஒரு பெண்ணுக்கு நாளில் எத்தனை மணி நேரம் திரும்பக் கிடைத்தது என்ற பத்தியையும் சேர்க்கச் சொல்வோம்.