எஃப்பிஜிஏ வடிவமைப்பு மென்பொருள்களின் வரலாறு

எஃப்பிஜிஏ என்பது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பின்னரும் உள்ளிணைப்புகளை மாற்றியமைக்கக்கூடிய தருக்கச் சில்லு ஆகும். சைலிங்க்ஸ் நிறுவனம் 1985 இல் வெளியிட்ட எக்ஸ்சி2064 இவ்வகையில் வணிக வெற்றி கண்ட முதல் சில்லாகக் கருதப்படுகிறது. அதில் 64 தருக்கத் தொகுதிகளே இருந்தன. தொடக்கத்தில் பொறியாளர்கள் பெரும்பாலும் சுற்றுப்படங்களைத் திரையில் வரைந்தே வடிவமைத்தனர்.

தொகுதிகள் பெருகப் பெருக, வரைபடம் போதவில்லை. 1987 இல் விஎச்டிஎல் மொழியும் 1995 இல் வெரிலாக் மொழியும் ஐஇஇஇ சீர்தரங்களாயின. இம்மொழிகளில் எழுதிய விவரிப்பை மென்பொருள் தருக்க வாயில்களாக மாற்றி, சில்லில் இடம் ஒதுக்கி, இணைப்புத் தடங்களை வகுத்து, இறுதியில் பிட்ஸ்ட்ரீம் எனும் கோப்பாகத் தரும். அக்கோப்பின் அமைப்பை உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் வெளியிடவில்லை. எனவே சில்லை விலைக்கு வாங்கியவரும் அந்நிறுவனத்தின் மென்பொருளையே சார்ந்திருக்க நேர்ந்தது. புதிய கணினிகளில் அது இயங்காமற் போனால், பழைய சில்லுக்குப் புதிய வடிவமைப்பை உருவாக்க வழியில்லை.

2015 இல் ஐஸ்ஸ்டார்ம் திட்டம், லாட்டிஸ் நிறுவனத்தின் ஐஸ்40 சில்லுகளுக்கான பிட்ஸ்ட்ரீமை ஆராய்ந்து ஆவணப்படுத்தியது. யோசிஸ், அராக்னி-பிஎன்ஆர் ஆகியவற்றின் துணையோடு, வெரிலாக்கிலிருந்து பிட்ஸ்ட்ரீம் வரை திறந்த மூல மென்பொருளாலேயே செல்ல வழி பிறந்தது. 2018 இல் வந்த நெக்ஸ்ட்பிஎன்ஆர் பின்னர் அராக்னியின் இடத்தைப் பெற்றது. இக்கருவிகள் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலும் இயங்குகின்றன.