கல்லீரலுக்கு மார்க் போட்ட கதை

கல்லீரல் சுருங்கிப்போன நோயாளியின் சொந்தக்காரர்கள் வார்டு வாசலில் மறித்துக் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை நாளைக்குத் தாங்கும் டாக்டர்?" அதற்கு எங்கள் கைவசம் இருந்தது சைல்டு மார்க். உண்மையில் அது இந்தக் கேள்விக்காகப் பிறந்ததே இல்லை.

1964இல் மிச்சிகன் பல்கலைக்கழக அறுவை மருத்துவர்கள் சார்லஸ் சைல்டும் ஜெரமையா டர்காட்டும் யோசித்தது வேறு. ரத்த வாந்தி எடுப்பவருக்கு, ஈரலுக்குப் போகும் ரத்தத்தை மடைமாற்றும் ஆபரேஷன் செய்தால் ஆள் பிழைப்பாரா? பிலிருபின், ஆல்புமின், வயிற்றில் நீர், மனக்குழப்பம், உடம்பின் தேற்றம் என ஐந்தைப் பார்த்து ஏ, பி, சி என்று பிரித்தார்கள். புள்ளிவிவரம் எதுவுமில்லை, அனுபவக் கணக்கு.

முதல் இரண்டுக்குத்தான் லேப் வேண்டும். மற்றதெல்லாம் கட்டிலோரம். கைகளை நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரித்துப் பிடிக்கச் சொல்வோம். சற்று நேரத்தில் கை தானாகத் தொய்ந்து தொய்ந்து எழும்பினால், ஈரல் வடிகட்டாமல் விட்ட நஞ்சு மூளைக்கு ஏறியிருக்கிறது. தேற்றத்தை அறிய, நெற்றிப்பொட்டில் சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்போம்.

1973இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் பியூ குழுவினர் அந்த 'தேற்ற'த்தை எடுத்துவிட்டு, ரத்தம் உறையும் நேரத்தைச் சேர்த்தார்கள். தேற்றம் என்பது பார்க்கும் கண்ணுக்கேற்ப மாறும் அல்லவா! ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 மார்க். மொத்தம் 10ஐத் தொட்டால் சி. கூடக் கூட மோசம், நம் பரீட்சைக்கு நேரெதிர்.

பிறகு வந்தது மேயோ கிளினிக்கின் 'மெல்டு' மார்க். இதுவும் ஆபத்தான ஒரு சிகிச்சையை யார் தாங்குவார் என்று பார்க்க வந்ததுதான். பிலிருபின், கிரியாட்டினின், ரத்தம் உறையும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். மூன்றையும் மடக்கைக் கணக்கில் போட வேண்டும். விரல்விட்டு எண்ண முடியாது. 2002 முதல் அமெரிக்காவில் மாற்று ஈரலுக்கான வரிசையே இதன்படி. அதற்குமுன் காத்திருந்த காலத்துக்கே மதிப்பு அதிகம். அந்த அநியாயத்தை இது ஒழித்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த பெண்கள் மார்க்கும் குறைந்து, வரிசையில் பின்தங்கினார்கள். 2023இல்தான் பெண்களுக்கு 1.33 கூட்டினார்கள். சைல்டின் ஆல்புமினும் அப்போதே திரும்பி வந்தது.

இப்போது சி.டி. எடுத்து இடுப்பு மட்டத்தில் தசையின் பரப்பை அளக்கிறார்கள். பியூ கழித்துவிட்ட அந்த ஐந்தாவது கேள்வி, ஸ்கேன் கட்டணத்தோடு வந்திருக்கிறது.