சுடாத குண்டை இறக்குதல்: அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளில் ஒரு பாதுகாப்பு முறையின் வளர்ச்சி

முன்னுரை

குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கிகளை ஆராய்ந்தவர்கள் அவற்றை எப்படிக் கெட்டித்தார்கள், ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை சுட்டார்கள் என்பதிலேயே பெரிதும் கவனம் செலுத்தினர். கெட்டித்துவிட்டுச் சுடாமல் விட்ட குண்டு என்ன ஆனது என்ற கேள்வி ஓரமாகவே நின்றது. வேட்டைக்காரருக்கோ இது அன்றாடச் சிக்கல். நாள் முழுதும் அலைந்தும் மான் கண்ணில் படாத மாலையில், நிரம்பிய குழலோடுதான் அவர் வீடு திரும்ப வேண்டும். இன்றைய தோட்டாத் துப்பாக்கி என்றால் தோட்டாவை உருவிப் பையில் போட்டுக்கொள்ளலாம். குழல்வாய் வழியே கெட்டிக்கும் 'மசல்லோடர்' துப்பாக்கியிலோ குழலின் பின்முனை அடைபட்டிருக்கும். போன வழியே குண்டு திரும்ப வேண்டும். இல்லையென்றால் சுட்டுத் தீர்க்க வேண்டும்.

இறக்குதல் என்பது உண்மையில் இரண்டு வேலைகள். ஒன்று, மருந்துக்குத் தீ எட்டாமல் செய்வது. மற்றொன்று, குழலுக்குள் இருக்கும் மருந்தையும் குண்டையும் அகற்றுவது. முதல் வேலை, தீமூட்டும் பொறி மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் எளிதாகிக்கொண்டே வந்தது. இரண்டாவது, குழலின் பின்முனை திறக்கும்வரை ஏறத்தாழ மாறாமலே இருந்தது. இந்த இடைவெளியில்தான் விபத்துக்கு வாய்ப்பிருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சக்கிமுக்கிக் காலம்

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் தங்கள் நாட்டு வேட்டைத் துப்பாக்கியை நீண்ட குழலுடைய ரைபிளாக வளர்த்தெடுத்தனர். குழலின் விட்டத்தைவிடச் சற்றே சிறிய ஈயக் குண்டை எண்ணெய் தடவிய துணித்துண்டில் பொதிந்து, கோலால் இறுகத் தள்ளினர். குறி தவறாமைக்குக் காரணமான அந்த இறுக்கமே குண்டை வெளியே எடுப்பதைக் கடினமாக்கியது. குழலைக் கவிழ்த்துத் தட்டினால் குண்டு விழாது.

இதற்கு இரண்டு சிறு கருவிகள் இருந்தன. இரண்டையும் கெட்டிக்கும் கோலின் நுனியில் முடுக்கிப் பயன்படுத்தினர். ஒன்று சுருள்கம்பி, துணியையும் தக்கையையும் கொக்கிபோட்டு இழுப்பதற்கு. மற்றது குண்டுருவும் திருகு. இதன் கூர்முனை மென்மையான ஈயத்தைக் குடைந்து பிடித்துக்கொள்ளும். பிறகு கோலை இழுத்தால் குண்டும் கூடவே வரும். 1803இல் மெரிவெதர் லூயிஸ் மேற்கு நோக்கிய தம் பயணத்துக்காக எழுதிய தேவைப் பட்டியலில் 15 குண்டு வார்ப்புகளோடு 15 சுருள்கம்பிகளும் 15 குண்டுருவும் திருகுகளும் இடம்பெற்றன. ஊசி, பானைவரை கணக்குப் பார்த்து வாங்கிய பயணத்தில் இவை வார்ப்புகளுக்குச் சம எண்ணிக்கையில் இடம்பிடித்ததைக் கவனிக்க வேண்டும். குண்டை உருவுவது அரிதான அவசர வேலையாகக் கருதப்படவில்லை. கெட்டிப்பதைப் போலவே வழக்கமான வேலையாக இருந்தது.

இதில் சிக்கனமும் கலந்திருந்தது. 1775இல் பாஸ்டனைச் சுற்றி முகாமிட்டிருந்த ஜார்ஜ் வாஷிங்டனின் படை கடும் மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்தது. வீணாகச் சுடுவதை அவருடைய ஆணைகள் திரும்பத் திரும்பக் கண்டித்தன. எல்லைப்புற வேட்டைக்காரருக்கும் அதே கணக்குதான். உருவிய ஈயத்தை மறுபடி உருக்கலாம், சுட்டது போனதுதான்.

சக்கிமுக்கித் துப்பாக்கியில் தீயைப் பிரிப்பது சுலபமாகத் தோன்றும். பற்றுவாய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து அதிலுள்ள மருந்தைத் துடைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் கிண்ணம் காலியாக இருந்தாலும், சக்கிமுக்கிக் கல்லைப் பிடித்திருக்கும் 'குதிரை' எனும் சுத்தி தவறி விழுந்தால் கல்லிலிருந்து தெறிக்கும் பொறி, கிண்ணத்திலிருந்து குழலுக்குச் செல்லும் துளைவழியே உள்ளே புகக்கூடும். அதனால்தான் எஃகு மூடிக்குத் தோல் உறை மாட்டுவதும், துளையில் இறகின் தண்டைச் செருகுவதும் வழக்கமாயின.

கேப்பு வந்த பிறகு

ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் 1807இல் தட்டினால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு தீமூட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த இருபதாண்டுகளுக்குள் அது சிறு செப்புக் கேப்பு வடிவத்தை எடுத்தது. முதல் வேலை இப்போது விரலால் செய்யும் வேலையாயிற்று: கேப்பைக் கழற்றினால் தீயின் மூலமே அகன்றது.

இந்த எளிமை ஒரு புதிய மெத்தனத்தையும் கொண்டுவந்தது. கேப்பு கழற்றிய துப்பாக்கியைக் காலி என்றே எண்ணி மூலையில் சாத்தும் பழக்கத்துக்கு அது இடம்கொடுத்தது. ஆனால் மருந்தும் குண்டும் உள்ளேயே இருந்தன. கேப்பு மாட்டும் முனையில் ஒட்டிய ரசாயனத் துணுக்கின்மீது குதிரை மோதினால் அதுவே போதும். கழற்றிய பின்னும் முனைக்கும் குதிரைக்கும் இடையில் தோல் துண்டு வைக்க வேண்டும் என்ற அறிவுரை இதனால் எழுந்ததே.

குழலுக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியே தெரியாது. இதற்கு 1863 ஜூலையில் நடந்த கெட்டிஸ்பர்க் போரே பெரும் சான்று. களத்திலிருந்து திரட்டப்பட்ட சுமார் 27,500 துப்பாக்கிகளில் ஏறத்தாழ 24,000 கெட்டித்தபடியே கிடந்தன என்றும், அவற்றில் பாதியளவு துப்பாக்கிகளில் இரண்டு தடவை கெட்டித்திருந்தது என்றும் படைக்கலத் துறைக் கணக்கு கூறுகிறது. ஒன்றில் 23 தடவை கெட்டித்திருந்ததாம். போர்க்களக் குழப்பம் வேட்டைக்காட்டில் இல்லைதான். ஆனால் கெட்டித்ததை மறந்து மறுபடி கெட்டிக்கும் தவறு இரண்டு இடத்துக்கும் பொது.

படையில் இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. கோலைக் குழலுக்குள் இறக்கித் துள்ளவிட்டால், காலிக் குழலில் இரும்பின்மேல் இரும்பு மோதும் கணீர் ஒலி எழும். மருந்திருந்தால் மொத்தென்ற ஒலி. வேட்டைக்காரர்கள் இன்னும் நம்பகமான வழியைக் கண்டனர். காலிக் குழலில் கோலை இறக்கிக் குழல்வாய் மட்டத்தில் ஒரு கோடு. கெட்டித்த பின் இறக்கி இன்னொரு கோடு. எந்தக் கோடு வாயோடு ஒட்டி நிற்கிறது என்று பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும். இன்றைய அமெரிக்க வேட்டைப் பயிற்சிகளிலும் இந்தக் கோடுகள் கற்பிக்கப்படுகின்றன.

மறைவும் மறுபிறப்பும்

பிரஷ்யா 1841இலேயே பின்முனையில் கெட்டிக்கும் டிரைசே துப்பாக்கியை ஏற்றது. பிரிட்டன் 1866இல் தன் என்ஃபீல்டு துப்பாக்கிகளை ஸ்னைடர் முறையில் பின்முனை திறப்பவையாக மாற்றத் தொடங்கியது. படைகளைப் பொறுத்தவரை சிக்கல் அத்தோடு தீர்ந்தது. வேட்டையில் மட்டும் அது திரும்பி வந்தது. 1933இல் அமெரிக்காவில் தேசிய மசல்லோடர் ரைபிள் சங்கம் அமைந்தது. பிறகு மாநிலங்கள் பழைய துப்பாக்கிகளுக்கெனத் தனி மான்வேட்டைப் பருவங்களை ஒதுக்கின. பென்சில்வேனியா 1974இல் சக்கிமுக்கிக்கு மட்டுமான பருவத்தைத் தொடங்கியது. இதன் விளைவாக, தோட்டாத் துப்பாக்கியில் பழகிய ஒரு தலைமுறை, இறக்கத் தெரியாத துப்பாக்கியைக் கையில் எடுத்தது.

அவர்களுக்கு வகுக்கப்பட்ட நெறி சுருக்கமானது. முதலில் கேப்பையோ கிண்ணத்து மருந்தையோ அகற்ற வேண்டும். காட்டிலிருந்து வெளியேறும்போது, பின்னால் யாரும் இல்லாத மென்மையான மண்மேட்டில் சுட்டுத் தீர்ப்பதே முதல் தேர்வு. பாறை, உறைந்த தரை, நீர்ப்பரப்பு மூன்றிலும் குண்டு திசைமாறித் தெறிக்கும் என்பதால் அவை விலக்கு. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழல்வாயை அதே திசையில் வைத்துக் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிப்பது உண்டு. சுட முடியாத இடத்தில் மருந்தை நீரால் நனைத்த பிறகே திருகைப் பயன்படுத்த வேண்டும்; எந்நிலையிலும் முகமோ உடலோ குழல்வாய்க்கு நேரே வரக்கூடாது. கேப்பு மாட்டும் முனைவழியே அழுத்தப்பட்ட கரியமில வாயுவைச் செலுத்திக் குண்டைத் தள்ளும் சிறு கருவியும் பின்னர் கடைக்கு வந்தது. நெருப்பில்லை என்றாலும் குண்டு வெளியே பாயும் என்பதால் அதற்கும் அதே எச்சரிக்கை.

சட்டம் வேறொரு கணக்கைப் போட்டது. வண்டியில் துப்பாக்கியை ஏற்றுவதற்குப் பல மாநில விதிகள் கேப்பு கழற்றியிருப்பதையோ கிண்ணம் காலியாக இருப்பதையோ போதுமானதாகக் கொண்டன. அதாவது இரண்டு வேலைகளில் முதலாவதை மட்டுமே சட்டம் கேட்டது. நடைமுறையில் இது நியாயமே. இல்லையென்றால் காலையும் மாலையும் காட்டோரம் வெடிச்சத்தமாகத்தான் இருக்கும். ஆனால் சட்டப்படி காலியான துப்பாக்கி வீட்டுக்குள் வரும்போதும் நிரம்பியே இருக்கிறது.

பின்முனை திறந்தது

மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் 1985இல் வெளியிட்ட எம்.கே.-85 ரைபிளில் தீமூட்டும் பொறி குழலுக்கு நேர்பின்னே அமைந்தது. அதைவிட முக்கியம், குழலின் பின்முனைத் திருகுமூடியைச் சாவி கொண்டு கழற்ற முடிந்தது. மூடியைக் கழற்றினால் மருந்து பின்வழியே கொட்டும். குண்டைக் கோலால் தள்ளிவிடலாம். இரண்டாவது வேலைக்கு முதல்முறையாகத் தனி வழி கிடைத்தது. தேவையும் அப்போது கூடியிருந்தது: செம்புறை பூண்ட புதிய கடினக் குண்டுகளில் பழைய திருகு எளிதில் பிடிப்பதில்லை.

2020இல் ஃபெடரல் நிறுவனமும் ட்ரெடிஷன்ஸ் நிறுவனமும் அடுத்த அடியை வைத்தன. குண்டு மட்டும் வாய்வழியே போகும். மருந்து அடைத்த பாலிமர் குப்பி பின்முனையில் நுழையும். மாலையில் குப்பியை உருவினால் மருந்தும் வெளியே வந்துவிடும். இது பழைய துப்பாக்கிக்கான பருவத்தில் சேருமா என்று மாநிலங்கள் வெவ்வேறு முடிவெடுத்தன. கேள்வி நியாயமானது. இறக்குவதைப் பாதுகாப்பாக்க எடுத்த ஒவ்வொரு அடியும் துப்பாக்கியைப் பின்முனையில் கெட்டிக்கும் வகைக்கு நெருக்கமாக்கியது.

முடிவுரை

தீயைப் பிரித்தலும் மருந்தை அகற்றலும் ஒன்றல்ல என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. சக்கிமுக்கியும் கேப்பும் முதலாவதைத்தான் படிப்படியாக எளிதாக்கின. சட்டமும் அங்கேயே நின்றது. இரண்டாவதற்கு 1985வரை மண்மேடும் திருகுமே துணை. அடைபட்ட குழலை விரும்பித் தேர்பவர்கள் இன்றும் இருப்பதால், அவர்களுக்குப் பயிற்சி அளிப்போர் 'கேப்பைக் கழற்று' என்பதோடு நிறுத்தாமல், கோலில் கோடு பார்த்துக் குழல் காலி என உறுதிசெய்வதையே இறக்குதலின் கடைசிப் படியாகக் கற்பிக்க வேண்டும்.