குளியலறைத் திரையிலிருந்து

பேரனுக்கு டயப்பர் வாங்கப் போனால் கடையில் ஒரு சுவர் முழுக்க அதுதான். ஒட்டுகிற வகையா, ஜட்டி மாதிரி மாட்டுகிறதா, எத்தனை கிலோ குழந்தைக்கு என்று ஆயிரம் கேள்வி. எங்கம்மாவுக்குப் பழைய வேட்டிக் கிழிசல் போதுமாயிருந்தது.

அமெரிக்காவிலும் அப்போது துணிதான். 1946இல் கனெக்டிகட்டில் மரியன் டோனவன் என்ற இளம் தாய், துணியோடு படுக்கையும் நனைவதில் சலித்துப்போய், குளியலறைத் திரையை வெட்டி நீர் கசியாத மேலுறை தைத்தார். பிறகு ஊக்குக்குப் பதில் அழுத்துப் பொத்தான் வைத்தார். உற்பத்தியாளர்கள் சீந்தவில்லை. 1949இல் நியூயார்க்கின் சாக்ஸ் கடையில் வைத்ததும் பிய்த்துக்கொண்டு போனது. 1951இல் உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்து, துவைக்கவே வேண்டாத காகித டயப்பர் என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். தேவையில்லை என்றார்கள். சொன்னவர்கள் வீட்டில் ஒரு துணியாவது கசக்கியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

1961இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் விக்டர் மில்ஸ் குழுவினர் உருவாக்கிய பாம்பர்ஸ், இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் சோதனை விற்பனைக்கு வந்தது. தாய்மார்களுக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஒன்று 10 சென்ட்! வீட்டில் துவைத்தால் சோப்புக் காசோடு போச்சு. துவைக்கிறவள் கைக்கு யார் விலை போட்டார்கள்? சரக்கு தேங்கியது. தயாரிப்புச் செலவைக் குறைத்து 6 சென்டுக்கு இறக்கிய பிறகுதான் ஓடத் தொடங்கியது.