மேயரின் நாற்காலி

1975 ஜூலை 27. பொன்னாலை வரதராஜப் பெருமாளைக் கும்பிட வந்த யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா கோயில் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்களில் ஒருவர், பின்னாளில் விடுதலைப் புலிகளின் தலைவராக அறியப்பட்ட 20 வயதுப் பிரபாகரன்.

துவக்குக்கு முன்னால் வந்தது ஒரு சொல். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்காரரான துரையப்பாவை, தமிழர் கூட்டணியின் மேடைகள் ஏற்கெனவே ‘துரோகி’ ஆக்கியிருந்தன. பிளேடால் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகமிட்ட பொடியள் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு கீழே நின்றார்கள். அவர்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தரப்படுத்தல் தமிழ் மாணவருக்குப் பல்கலைக்கழக வாசலை ஒடுக்கியது. 1974 ஜனவரி 10, தமிழாராய்ச்சி மாநாட்டுக் கூட்டத்துக்குள் பொலிஸ் புகுந்ததில் உயிர்கள் போயின. பின்னர் 1981இல் யாழ்ப்பாண நூலகமே எரிக்கப்பட்டது. அரசின் கொடுமை ஒவ்வொன்றும், உள்ளூரில் நடந்த கொலைகளைக் கேள்வி கேட்க நினைத்தவரின் வாயையும் சேர்த்து அடைத்தது.

எண்பதுகளில் மின்கம்பங்களில் பிணங்கள் கட்டப்பட்டன. கழுத்தில் ஒரு மட்டை, அதில் ‘சமூக விரோதி’ அல்லது ‘துரோகி’. ஊர் அதற்கு வைத்த பெயர் ‘மண்டையில போடுறது’. விடியற்காலையில் பார்த்துவிட்டுப் போனவர்கள், “சும்மா போடுவாங்களோ, ஏதோ செய்திருப்பான்” என்றார்கள். ஆயுத இயக்கங்களின் துண்டுப் பிரசுரங்களைவிட அந்த ஒரு வசனம்தான் கொலையை ஊருக்குள் குடியேற்றியது. விசாரித்தது யார், சாட்சி சொன்னது யார் என்று கேட்கும் வழக்கமே செத்துப்போயிற்று.

பிறகு சொல்லின் வட்டம் அகன்றது. 1985 ஜூனில் பரியோவான் கல்லூரி அதிபர் ஆனந்தராஜன் கொல்லப்பட்டார். இராணுவத்தோடு ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஒழுங்கு செய்ததே அவர்மேல் வைக்கப்பட்ட குற்றம். 1986இல் புலிகள் டெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தை அழித்தபோது, அதே ஊர்களில் பிறந்த பொடியளைச் சந்திகளில் டயர் போட்டு எரித்தார்கள்.

1989 ஜூலை 13, கொழும்பு. பேச வந்தவர்களாக வீட்டுக்குள் அழைக்கப்பட்ட புலிகள், கூட்டணித் தலைவர்களான அமிர்தலிங்கத்தையும் யோகேஸ்வரனையும் சுட்டுக் கொன்றார்கள். ஒருகாலத்தில் இரத்தத் திலகம் ஏற்ற நெற்றி அமிர்தலிங்கத்துடையது.

யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி 1998இல் யாழ்ப்பாண மேயரானார்; துரையப்பா இருந்த அதே பதவி. மே 17 அன்று அவரை வீட்டிலேயே சுட்டார்கள். அடுத்து வந்த பொன் சிவபாலனை, செப்டம்பர் 11 அன்று மாநகர சபைக் கட்டடத்தில் வெடித்த குண்டு கொன்றது.