சிதைக்கப்பட்ட பொறி மீண்டெழுந்த கதை



நூதனசாலை என்றதும் கல்வெட்டும் பழங்காசும் செப்புத் திருமேனியுமே நம் நினைவில் எழுவன. இங்கிலாந்திலே, இலண்டனுக்கு வடமேற்கேயுள்ள பிளெச்லி என்னும் ஊரிலே, கணனிகளின் வரலாற்றுக்கென்றே ஒரு நூதனசாலை உண்டு. அங்கே ஓர் அறையை நிறைத்து நிற்கும் பெரும்பொறியின் பெயர் கொலோசஸ். பழம்பொருள்களுக்கிடையே இருப்பினும் அது பழம்பொருளன்று. மூலப்பொறி அழிந்தபின் புதிதாகச் செய்யப்பட்டதாகும்.

இரண்டாம் உலக யுத்தத்திலே ஹிட்லரின் தலைமைப் படையகம் தன் தளபதிகளுக்கு அனுப்பிய செய்திகளை, பன்னிரண்டு சக்கரங்கள் கொண்ட லோரன்ஸ் என்னும் பொறி மறைமொழியாக்கியது. அப்பொறியைக் கண்ணாற் காணாமலே, அதன் அமைப்பு இன்னதென 1942இல் பில் டட் என்னும் இளைஞர் கணித்தறிந்தார். ஆனால் சக்கரங்களின் நிலையைக் கையாற் கணக்கிட்டறிய வாரக்கணக்காயின், போர்க்களத்திற்கு அதனாற் பயன் யாது?

தபாற் பகுதியின் பொறியியலாளர் டொமி பிளவர்ஸ், வால்வுகளைக் கொண்டே பொறி செய்யலாம் என்றார். பழைய வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர் அந்த ஒளிரும் கண்ணாடிக் குழாய்களை அறிவர். அவை அடிக்கடி பழுதாவதையும் அறிவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வால்வுகள் ஒருங்கே இயங்குமா என்று பலர் ஐயுற்றனர். மூட்டுவதும் அணைப்பதுமே வால்வைக் கெடுக்கின்றன, அணைக்காது விட்டால் அது நெடுங்காலம் நிலைக்கும் என்பதைத் தொலைபேசி வேலையிலே பிளவர்ஸ் கண்டிருந்தார். 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதற் கொலோசஸ் இயங்கியது. காகித நாடாவிலிருந்து செக்கனுக்கு 5,000 எழுத்துக்களை அது வாசித்தது. யுத்தம் முடியுமுன் பத்துப் பொறிகள் அமைந்தன. அவற்றை இயக்கியோர் கடற்படையைச் சேர்ந்த இளம் பெண்கள்.

பின் வந்தது கட்டளை. எட்டுப் பொறிகள் பிரிக்கப்பட்டன. எஞ்சிய இரண்டும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் மறைந்தன. வரைபடங்களைப் பிளவர்ஸ் தம் கையாலேயே உலையில் இட்டார். 1946இல் அமெரிக்காவின் எனியாக் பொறியை உலகம் கொண்டாடியபோது, அவர் வாய் திறக்க இயலவில்லை. கொலோசஸ் ஒரே தொழிலுக்கென அமைந்தது. எனியாக் பல கணக்குகளுக்கு உரியது. ஆதலின் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. எனினும், செய்தவன் செய்தேன் என்று சொல்ல முடியாதிருத்தல் சிறிய துன்பமா? 1970களிலேதான் இரகசியம் மெல்லக் கசிந்தது.

1993இல் டொனி சேல் என்னும் பொறியியலாளர் அதனை மீண்டும் அமைக்கத் தொடங்கியபோது அவரிடம் இருந்தவை எட்டு நிழற்படங்களும், பழைய பொறியியலாளர் சிலர் விதியை மீறி ஒளித்துவைத்த சில வரைபடத் துண்டுகளுமே. (அந்த விதிமீறலுக்கு நாம் நன்றி கூறவேண்டும்!) மற்றையவற்றை முதியவர்களின் ஞாபகத்திலிருந்து திரட்டினார்.

1996 ஜூன் மாதத்தில் மீளமைந்த பொறி இயக்கிவைக்கப்பட்டது. அதனைக் காண வந்தவர்களுள் தொண்ணூறு வயதான டொமி பிளவர்ஸும் ஒருவர்.